3 மாத அட்வான்ஸ், 11 மாத அக்ரிமென்ட்: தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

‘மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்டால் சட்டவிரோதம். ஹவுஸ் ஓனரிடம் இதைக் காட்டுங்கள்!’ வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் இப்படி ஒரு தகவல் அடிக்கடி சுற்றி வரும். அதை நம்பி ஓனரிடம் போய்ப் பேசியவர்களுக்குக் கிடைத்த பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “அப்போ வேற வீடு பார்த்துக்கோங்க.”

அந்த ஃபார்வர்டு பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. சட்டத்தில் 3 மாத வரம்பு இருக்கிறது. அதே வரியில் அதற்கு ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சட்டம் தரும் உரிமைகள் பலவும் இப்படித்தான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, அது பதிவாகியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அவை கைக்கு வரும்.

எந்தச் சட்டம் இது?

தமிழ்நாட்டில் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு 1960-ம் ஆண்டுச் சட்டம்தான் நீண்ட காலம் இருந்தது. அதில் வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. வாடகைக்கு விட்டால் வீட்டைத் திரும்ப வாங்கவே முடியாது என்ற பயம் உரிமையாளர்களுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய தொகையை அட்வான்ஸாக வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தின் பின்னால் இருப்பதும் இந்தப் பயம்தான்.

அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டு, உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புற வீடுகள், கடைகள் இதன்கீழ் வரும். அரசுக் கட்டடங்கள், ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்குத் தரும் குவார்ட்டர்ஸ் போன்றவற்றுக்குப் பொருந்தாது.

பழைய சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்று ஒன்றை நிர்ணயிக்க முடிந்தது. புதிய சட்டம் அதை விட்டுவிட்டது. வாடகை எவ்வளவு என்பதை இரண்டு பேரும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும், எழுதியதை இரண்டு பேரும் மீறக்கூடாது என்பதுதான் இதன் அடிப்படை.

சரி, அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்?

சட்டத்தின் 11-வது பிரிவு, மாத வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் பாதுகாப்பு வைப்புத்தொகை வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால், ‘வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர’ என்ற வார்த்தைகளோடுதான் அந்தப் பிரிவே ஆரம்பிக்கிறது.

உதாரணத்துக்கு, வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 மாதக் கணக்கில் அட்வான்ஸ் 60,000 ரூபாய். ஓனர் 10 மாத அட்வான்ஸ் கேட்கிறார், நீங்களும் 2 லட்சம் ரூபாய் என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அதன்பிறகு, ‘இது 3 மாத வரம்பை மீறியது’ என்று வாதாடுவது கஷ்டம். நீங்களே சம்மதித்ததாகத்தான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். அதேநேரம், ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டு, கூடுதலாக ரொக்கம் கேட்டால் அந்தக் கூடுதல் தொகைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புகளுக்கு 2 மாதம், வணிக இடங்களுக்கு 6 மாதம் என்று வரம்பு இருக்கிறது. ஆனால், அது பெயருக்கு ஏற்றபடி ஒரு மாதிரிதான். மாநிலங்கள் ஏற்று அமல்படுத்தினால் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டில் இருப்பவர் அதைக் காட்டி 2 மாத அட்வான்ஸ் போதும் என்று கேட்க முடியாது.

ஆகவே, பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். ‘3 மாதம் என்பதுதான் சட்டம் சொல்லும் அளவு’ என்று பேச்சை ஆரம்பிக்க இந்தப் பிரிவு உதவும். பேசி முடித்து எழுதிக்கொடுத்த பிறகு அவ்வளவாக உதவாது.

காலி செய்யும்போது ‘பெயின்டிங் சார்ஜ்’ பிடிக்கலாமா?

வீட்டைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே 11-வது பிரிவு. ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்’ என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பல இடங்களில் எழுதப்படாத விதி. இதற்கான பதில் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. யார் எதைப் பராமரிக்க வேண்டும் என்ற பட்டியல் அது.

உரிமையாளர் பொறுப்பு: கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு பெயின்ட் அடிப்பது, குழாய் இணைப்புகளை மாற்றுவது, மின் வயரிங்.

வாடகைதாரர் பொறுப்பு: டேப், வாஷர் மாற்றுவது, கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுப்பது, வாஷ்பேசின், கீஸர், ஸ்விட்ச், சாக்கெட், ஜன்னல் கண்ணாடி போன்றவற்றின் சின்னச் சின்னப் பழுதுகள்.

பெயின்டிங் உரிமையாளர் பக்கம்தான் இருக்கிறது. சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானத்துக்கும் வாடகைதாரர் பொறுப்பில்லை. சுவரை உடைத்தால், கதவைப் பெயர்த்தால் அது வேறு கதை. ஆனால், இங்கேயும் ஒப்பந்தம் குறுக்கே வரும். ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங் செலவுக்காகக் கழிக்கப்படும்’ என்று ஒரு வரி இருந்து, அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் ஓனர் கை ஓங்கிவிடும். டைப் செய்து தயாராக வரும் அக்ரிமென்ட்டுகளில் இந்த வரி கடைசிப் பக்கத்தில் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

11 மாத அக்ரிமென்ட்டைப் பதிவு செய்யத் தேவையில்லையா?

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். ஓராண்டைத் தாண்டும் குத்தகைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் ‘11 மாதம்’ என்ற கணக்கு நாடு முழுக்கப் பழக்கத்துக்கு வந்தது.

தமிழ்நாட்டின் 2017 சட்டம் கேட்கும் பதிவு வேறு. 11 மாதமோ, 3 வருடமோ, ஒப்பந்தம் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி இவர். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. பதிவானதும் ஒரு பதிவு எண் கிடைக்கும். ஓனர்தான் பதிவு செய்ய வேண்டும் என்று இல்லை, வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம்.

பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும்? அந்த ஒப்பந்தத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வதற்குச் சட்டத்தின் 4-ஏ பிரிவு தடை போடுகிறது. நோட்டரி முத்திரை இருந்தாலும் அது இந்தப் பதிவுக்கு ஈடாகாது. அட்வான்ஸ் எவ்வளவு, பெயின்டிங் யார் பொறுப்பு என்றெல்லாம் கவனமாக எழுதி வாங்கியிருந்தாலும், பிரச்சினை வரும் நாளில் அந்தப் பேப்பரின் பலம் குறைந்துவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடத் தவறியது, வாடகைதாரரைக் காலி செய்யக் கோரும் காரணங்களில் ஒன்றாகவே 21-வது பிரிவில் இருக்கிறது. ‘அக்ரிமென்ட் எதுக்கு, நம்பிக்கைதானே’ என்ற பேச்சில் கடைசியில் அதிகம் இழப்பது வாடகைதாரர்தான்.

திடீரென்று காலி செய்யச் சொன்னால்?

ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டத்தில் சொல்லியிருக்கும் காரணங்களுக்காக மட்டுமே காலி செய்ய வைக்க முடியும். அதுவும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு மூலமாகத்தான். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாமல் இருப்பது, அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, உரிமையாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ அந்த வீடு தேவைப்படுவது ஆகியவை முக்கியமான காரணங்கள்.

ஒப்பந்தம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால்? பழைய நிபந்தனைகளின்படியே மாதா மாதம் நீடிப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால், அதிகபட்சம் 6 மாதம்தான். வருடக்கணக்காகப் புதுப்பிக்காத அக்ரிமென்ட்டோடு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது போன்றவற்றை 20-வது பிரிவு தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

‘வாடகையே வாங்க மாட்டேன்’ என்று ஓனர் மறுப்பதும் நடக்கும். பாக்கி வைத்ததாகப் பின்னால் காட்ட அது உதவும். அப்போது வாடகையை வாடகை அதிகாரியிடம் டெபாசிட் செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ‘அவர் வாங்கலை, அதான் கொடுக்கலை’ என்று சும்மா இருந்துவிடக்கூடாது.

ஓனர் நினைத்த நேரத்தில் வீட்டுக்குள் வரலாமா?

முடியாது. சொந்த வீடாக இருந்தாலும், வாடகைக்கு விட்ட பிறகு உள்ளே வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். தீ விபத்து போன்ற அவசரம் என்றால் விஷயம் வேறு.

‘பேச்சுலருக்கு வீடு இல்லை’ என்று சொல்வது சட்டப்படி சரியா?

இந்தக் கேள்வி ஒப்பந்தத்துக்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது. 2017 சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. பாகுபாட்டைத் தடை செய்யும் அரசியலமைப்பின் 15-வது பிரிவு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் கிணறுகள், சாலைகள் போன்றவற்றைத் தாண்டி, தனி ஒருவர் தன் வீட்டை யாருக்கு விடுகிறார் என்பதுவரை அது நேரடியாக நீளவில்லை. திருமணமாகாதவர், அசைவம் சாப்பிடுபவர் என்ற காரணங்களுக்காக வீடு தர மறுப்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை.

தீண்டாமை அடிப்படையில் மறுப்பது மட்டும் அப்படி இல்லை. எந்தப் பகுதியிலும் குடியிருப்பை வாங்கவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பெயரால் தடை போடுவது 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நிரூபிப்பதுதான் சிக்கல். ‘வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சிட்டோம்’ என்ற பதிலில் உண்மையான காரணம் மறைந்துவிடும்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

• அட்வான்ஸ் முழுத் தொகையும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? பாதி பேப்பரில், பாதி கையில் என்ற ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க வேண்டாம்.

• அட்வான்ஸ், வாடகை இரண்டையும் வங்கி அல்லது யுபிஐ மூலம் அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை.

• பெயின்டிங், பராமரிப்பு, வருடாந்திர வாடகை உயர்வு, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்ற வரிகளைத் தனித்தனியாகப் படியுங்கள். பிடிக்காததை அடித்துவிட்டுத் திருத்தி எழுதச் சொல்லலாம்.

• மின் கட்டணம் பில் படியா, யூனிட்டுக்கு இவ்வளவு என்றா? எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

• குடிபோகும் நாளில் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

• ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை முற்றினால் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று அடுக்குகளை இந்தச் சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது. இவற்றின் வரம்புக்குள் வரும் விஷயங்களுக்கு சிவில் நீதிமன்றத்தை அணுக முடியாது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கு இலவச சட்ட உதவி உண்டு. இதில் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்போவது பதிவு செய்த ஒப்பந்தத்தைத்தான்.