நீர்நாயா சூதுக்காரன்?

காட்டு விலங்குகள் ஆட்சிக்கு மோதும் 'ரூட்' பலகை விளையாட்டில் (2018) ஆற்று வணிகர்களான நீர்நாய்கள் சூதுக்காரர்களாம். தோற்ற கோபத்தில் பேரன் சொல்கிறான். நான் ஒப்பமாட்டேன்.

மற்றவர்கள் சீட்டை மறைக்கிறார்கள். நீர்நாய் மட்டும் எல்லோர் முன்னும் விரித்து வைக்கிறது. சீட்டு, படகு, கூலிப்படை மூன்றுக்கும் 1 முதல் 4 வரை விலையையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. விலையாகப் போவது நம் வீரர்கள். அவசரத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டு, சேர்த்து வைத்ததற்கு அதற்குப் புள்ளி ஏறியதும் 'மோசடி' என்று கத்தலாமா?

முப்பது வருடம் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கியவன் நான். பொடி எழுத்தில் ஒளித்த வட்டிதான் சூது. அதை நான் ஒருவருக்கும் படித்துக் காட்டியதில்லை.