பெயர் சொல்லும் வம்சம்

குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் முதலில் நாடுவது குடும்பப் பெயரையே. ஆனால், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய ஜேர்மனியின் வட பகுதியில் வாழ்ந்த சக்சனியப் பிரபுக்களுக்குக் குடும்பப் பெயர் இருந்ததில்லை. ஒருவர்க்கு ஒரு பெயரே. அவ்வாறாயின், அவர்தம் வம்சத்தை அறிவது எங்ஙனம்?

விடுகிண்ட் என்னும் தலைவனின் வழியை எடுத்துக்கொள்வோம். பிராங்கிய மன்னன் சார்ள்மேனை எதிர்த்துப் போராடிய இவன், 785ஆம் ஆண்டில் அற்றிக்னி என்னுமிடத்திற் பணிந்து ஞானஸ்நானம் பெற்றான். இவன் மகன் விக்பேட், பேரன் வால்ட்பேட். புனித அலெக்சாந்தரின் திருப்பண்டங்களை றோமாபுரியிலிருந்து 851ஆம் ஆண்டில் வில்டெஸ்கவுசன் என்னும் ஊருக்குக் கொணர்ந்தவன் இப்பேரனே. அச்செய்தியை எழுதிய புல்டா மடத்துத் துறவிகள், அவனுடைய தந்தை, பாட்டன் பெயர்களையுங் குறித்தனர். ஆகவே, மூன்று தலைமுறைகள் நமக்குத் தெளிவாகின்றன.

அடுத்து நாம் காண்பது மெற்றில்டா அரசியை. இவள் 909ஆம் ஆண்டில் மணந்த ஹென்றி, 919இல் மன்னனானான். இவள் மகன் ஒற்றோ 962இற் பேரரசனாக முடிசூடினான். கோர்வை மடத்துத் துறவி ஒருவர் (அவர் பெயரும் விடுகிண்ட்) அக்காலத்திலேயே சக்சனியர் வரலாற்றை எழுதினார். அரசியின் தந்தை தீற்றிக் என்றும், அவன் உடன்பிறந்தார் விடுகிண்ட், இம்மெட், றெகின்பேண் என்றும், அவர்கள் பழைய விடுகிண்டின் குலத்தவர் என்றும் அந்நூல் கூறுகின்றது.

வால்ட்பேட்டுக்கும் தீற்றிக்குக்கும் இடையே என்ன உறவு? அதனைச் சொல்லும் ஆவணம் இல்லை. இங்கே ஆராய்ச்சியாளருக்குக் கைகொடுப்பது பெயரே. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே ‘பேரன்’ என மருவிற்று என்பது தமிழர் அறிந்தது. சக்சனியரும் முன்னோர் பெயரையே பிள்ளைகளுக்கு மீண்டும் மீண்டும் இட்டனர். தீற்றிக்கின் சகோதரன் விடுகிண்ட் எனப் பெயர் பெற்றமை குலத்தொடர்பைக் காட்டும் நல்ல சான்று.

ஆயினும், இதில் ஓர் எச்சரிக்கையுண்டு. தாய்வழி முன்னோர் பெயரும் பிள்ளைகளுக்கு இடப்பட்டது. எனவே, பெயர் உறவைக் காட்டுமேயன்றி, அவ்வுறவு எந்த மகன் வழி, எந்த மகள் வழி வந்தது என்பதைக் காட்டாது. மேலும், துறவி தம் நூலைப் பேரரசனின் மகளுக்கே காணிக்கையாக்கினார். அரச குடும்பத்துக்கு வீரமிக்க மூதாதை ஒருவன் இருப்பது அனைவர்க்கும் உவப்பானதன்றோ?

பிற்காலத்தார் பலர் இவ்விடைவெளியைத் தம் ஊகத்தால் நிரப்பி, அறுபடாத வம்சாவளிகளை வரைந்தனர். தம் வீட்டு வம்சாவளியை வரைய விரும்பும் மாணவர் அவ்வழியைப் பின்பற்றலாகாது. சான்றுள்ள இடத்திற் கோடு வரைக. சான்றில்லாத இடத்தைப் புள்ளியிட்டு விடுக. பின்வருவோர் ஒருநாள் அதனை நிரப்பக்கூடும்.