ஊசி சரி, பொடி எதுக்கு?

எடை குறைய காதுல அக்குபஞ்சர் ஊசி குத்திக்கப் போறேன்னா தோழி. "குத்திக்கோ"ன்னேன். புது ஊசியா, சுத்தமா இருந்தா பெரிய ஆபத்து இல்லை. சாப்பாட்டைக் குறைச்சு, நடந்து இளைச்சாலும் பேரை ஊசியே வாங்கிட்டுப் போகட்டும்! "கூடவே சீன மூலிகைப் பொடியும் தர்றாங்க, பக்க விளைவே கிடையாதாம்"னு சொன்னா பாருங்க, அங்கேதான் பகீர்னுச்சு.

1990-92ல பெல்ஜியத்துல, பிரஸ்ஸல்ஸ் நகரத்து எடைக்குறைப்பு மையம் ஒண்ணுல பெண்களுக்குச் சீன மூலிகை மாத்திரை கொடுத்தாங்க. 'ஃபாங் ஜி'ங்கிற மூலிகைக்குப் பதிலா, கிட்டத்தட்ட அதே பேருள்ள 'குவாங் ஃபாங் ஜி' சேர்ந்துடுச்சு. அதுல இருக்கிற அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தையே காலி பண்ணிடுச்சு. நூறு பேருக்கு மேல பாதிப்பு. பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம். சிலருக்குப் பின்னாடி புற்றுநோயும் வந்தது.

"நம்மூர் மூலிகை அப்படியில்லை"ன்னு சிரிக்காதீங்க. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி ரெண்டும் அதே வகைச் செடிதான், அதே அமிலம் இருக்கு.

சீன வைத்தியமே தப்புன்னு நான் சொல்லலை. பொடியில என்ன இருக்கு, யார் சோதிச்சாங்கன்னு கேளுங்க. பதில் வரலையா, எழுந்து வந்துடுங்க. இயற்கைன்னா ஆபத்தில்லையா? எட்டிக்காயும் இயற்கைதாங்க!