கேள்வி கேட்டவனுக்கே அடி!

கவுண்டமணி அடிப்பார், செந்தில் அடி வாங்குவார். 1984-ல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் சைக்கிள் கடை; 1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில் கரகாட்டக் கோஷ்டி. கதை வேறு, ஊர் வேறு, தொழில் வேறு; ஆனால் வேடம் ஒன்றே. ஒருவர் எல்லாம் தெரிந்த அண்ணன்; மற்றவர் எடுபிடித் தம்பி. பாடுபட்டுக் களைத்த மக்கள் இந்த ஜோடியைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள், இன்றும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அவர்களுக்கு உரியது. அதைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

“அதே வேடம்தானா?” என்று சில மேதாவிகள் முகம் சுளிக்கிறார்கள். ஒரே வேடம் போடுவது குற்றமல்ல. நம் தெருக்கூத்தில் எந்தக் கதை நடந்தாலும் கட்டியக்காரன் வருகிறான். ராஜாவையே கேலி செய்கிறான். சார்லி சாப்ளின் 1914-ல் போட்ட நாடோடி வேடத்தை 1936-ல் வந்த ‘மாடர்ன் டைம்ஸ்’ வரை போட்டார். அந்தப் படத்தில் அவர் ஓடும் பட்டையில் வரும் சாமான்களுக்குத் திருகாணி முடுக்கும் தொழிலாளி. முதலாளி வேகத்தைக் கூட்டச் சொல்கிறான்; சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க, சோறூட்டும் இயந்திரத்தை அவர்மேல் பரீட்சை பார்க்கிறான். எந்த மில் தொழிலாளிக்கும் இதற்கு வியாக்கியானம் தேவையில்லை.

ஆகவே, கேட்கவேண்டிய கேள்வி வேறு. கேலி யாரை நோக்கிப் பாய்கிறது? அடி யார்மேல் விழுகிறது?

தம்பி ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறான். பெட்ரோமாக்ஸ் விளக்கு எப்படி எரிகிறது என்கிறான். சகலமும் தெரிந்த அண்ணனின் வண்டவாளம் வெளியாகிறது. மக்களின் சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. ஆனால், பதில் சொல்ல முடியாதபோது அண்ணன் வசை பாடுகிறார்; கை ஓங்குகிறார். அத்துடன் காட்சி முடிகிறது. நமக்கு இது புதிதா? கூலிக் கணக்குக் கேட்ட பண்ணையாளுக்கும், போனஸ் கணக்குக் கேட்ட ஆலைத் தொழிலாளிக்கும் கிடைத்த பதில் இதுதானே!

இதற்கு நடிகர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்களும் உழைப்பை விற்பவர்களே. ஒரு படத்தில் விலைபோன சரக்கை அடுத்த படத்திலும் கேட்பது, பணம் போடுகிறவனின் லாபக் கணக்கு. நடிகனின் முகமும் முதுகும் அவனுக்கு வியாபார முத்திரை. கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் ஏளனம் செய்யும் வசனங்கள் அந்த முத்திரையோடு சேர்ந்தே விற்பனையாகின்றன.

வேறு வழியும் உண்டு. 1949-ல் ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் நடத்தினார். தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவன் படித்து முன்னேறும் கதை அது. ஜனங்கள் சிரித்தார்கள், ஆனால் அடி விழுந்தது தீண்டாமையின் தலையில்!

தொழிற்சங்கக் கலைக் குழுக்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: அதே அண்ணனையும் தம்பியையும் நமது மேடையில் ஏற்றுங்கள். தம்பி கேள்வி கேட்கட்டும். இம்முறை அண்ணன் பதில் சொல்லியே தீரவேண்டும்!