செம்பனை விலையும் ஆப்ஷன் பேச்சும்

பங்குச் சந்தைச் சொற்கள் கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு அந்நியம் என்ற பேச்சு பொருந்தாது. மலேசியாவில் செம்பனை முதன்முதலில் வணிகப் பயிரானது, 1917இல், இதே வட்டாரத்தில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான். அந்த எண்ணெய்க்குக் கோலாலம்பூரில் 1980இல், பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் முன்பேர வணிகம் தொடங்கியது. 2012இல் ஆப்ஷனும் சேர்ந்தது. சிறுதோட்டக்காரர் இறக்கும் குலைக்குக் கிடைக்கும் காசும் எண்ணெய் விலையை ஒட்டித்தான் ஏறி இறங்குகிறது. ஆகவே இந்தச் சொற்களைப் படிக்கப் பொருள் நம் வாசலிலேயே இருக்கிறது. கற்றுத்தரும் முறைதான் கோணல். கைப்பேசியில் வரும் பங்குச் சந்தை வகுப்புகள் லாபத்திலிருந்து ஆரம்பிக்கின்றன. நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும் என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு சொல்லையும் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஒரு செம்பனை எண்ணெய் முன்பேர ஒப்பந்தம் 25 டன். டன்னுக்கு 100 ரிங்கிட் இறங்கினால், வாங்கியவருக்கு 2,500 ரிங்கிட் போய்விடும். அவர் கட்டியதோ மார்ஜின் என்ற முன்பணம் மட்டுமே. அது கரைந்தால் மேலும் கட்டச் சொல்வார்கள். புட் ஆப்ஷன் வாங்கியவர் நிலைமை வேறு. குறித்த விலைக்கு விற்கும் உரிமைக்காக அவர் பிரீமியம் கொடுக்கிறார். விலை இறங்காவிட்டால் அந்தப் பிரீமியத்தோடு நஷ்டம் நின்றுவிடும். குறித்த விலைக்கு வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனை விற்றவருக்கோ கிடைப்பது பிரீமியம் மட்டும். விலை ஏற ஏற அவருடைய நஷ்டத்துக்கு மேல்வரம்பே கிடையாது. "மாதாமாதம் வருமானம்" என்று ஆசை காட்டுகிறவர்கள், நம்மை இந்த விற்கும் பக்கத்தில் உட்கார வைக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தோட்டச் சம்பளத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். ஆனால் 1982இல் தொடங்கிய, மஇகாவின் முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸின் பங்குகளை வாங்கியவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். அந்நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. அதனால் நினைத்தபோது விற்றுக் காசாக்க வழியில்லை. 2010இல்தான் பங்குக்கு 80 சென் என்ற விலை பேசப்பட்டது. பட்டியலிடப்படாத பங்கு என்றால் என்ன என்று கையெழுத்துப் போடும் முன் அவர்களுக்குத் தமிழில் யாராவது விளக்கியிருக்க வேண்டாமா? சொல்லைக் கற்றால் சூதாட்டம்தான் பெருகும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இந்தியாவில் முன்பேரத்திலும் ஆப்ஷனிலும் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டதாக, அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு சொன்னது. சொல் தெரிந்தால் லாபம் வரும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் மறுக்க வேண்டிய இடம் தெரியும். உரிமமில்லாதவர்களைப் பற்றிய எச்சரிக்கைப் பட்டியலை மலேசியப் பத்திர ஆணையம் இணையத்தில் வெளியிடுகிறது. நம் கூட்டுறவுச் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் முதல் வகுப்பை அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம்.