மதம் வெறும் சாக்கா?

"பிரெஞ்சு மதப்போர்களா? மதம் சும்மா ஒரு சாக்குங்க. உள்ளே ஓடினது அதிகாரப் போட்டிதான்."

இதைச் சொல்லி முடித்ததும் சொன்னவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். எங்கள் தொழிலில் 'ரூட் காஸ்' என்று ஒரே வரி எழுதி டிக்கெட்டை மூடும்போது வருமே, அதே தெளிவு. எனக்கும் இருந்தது. த்ரூ போரைப் படித்தபோதுதான் போனது.

1562 டிசம்பர் 19. கத்தோலிக்கப் படைக்குத் தலைமை மோமொரான்சி. எதிரே புராட்டஸ்டன்ட் படையில் கோந்தே இளவரசரும் கொலிஞியும். கொலிஞி, மோமொரான்சியின் சகோதரி மகன். தாய்மாமனும் மருமகனும்! அன்று களத்தில் இருந்த லா நூ பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்பின்படி, இரு படைகளும் வெகுநேரம் அசையாமல் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. எதிரில் நிற்பவர்கள் நண்பர்கள், உறவினர்கள். பிறகு மோதினார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். மோமொரான்சியின் மகன் ஒருவனும் செத்தான். மோமொரான்சி, கோந்தே இருவருமே எதிரிகளிடம் சிறைப்பட்டார்கள்.

அன்றிரவு, வென்ற கீஸ் கோமகன் தன் படுக்கையிலேயே கோந்தேக்கு இடம் கொடுத்தார். "பாத்தீங்களா, எல்லாம் நாடகம்" என்பீர்கள்.

கொஞ்சம் இருங்க. இந்தப் போர் எங்கே தொடங்கியது? அதே ஆண்டு மார்ச் 1, வாஸி. ஒரு களஞ்சியத்தில் கூடி வழிபட்டவர்களை இதே கீஸின் ஆட்கள் டஜன் கணக்கில் கொன்றார்கள். களஞ்சியத்துக்கு வந்தவர்களுக்கு எந்த அரியணை மேல் ஆசை?

1563 பிப்ரவரியில் கீஸ் சுடப்பட்டு இறந்தார். மார்ச்சில் சிறைப்பட்ட அதே இருவரும் லுவார் ஆற்றுத் தீவொன்றில் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். விளைவு, அம்புவாஸ் ஆணை. பெரிய பிரபுக்கள் தங்கள் நிலத்தில் புராட்டஸ்டன்ட் வழிபாடு நடத்தலாம். சாதாரண மக்களுக்கோ, ஏற்கெனவே கைவசம் இருந்த சில நகரங்கள் போக, மாவட்டத்துக்கு ஓர் ஊர். அதுவும் ஊருக்கு வெளியே. கால்வினும் கொலிஞியும் கொதித்துப்போனதில் என்ன ஆச்சரியம்?

அதிகாரக் கணக்கு இருந்தது, மறுக்கவில்லை. அது தீவில் உட்கார்ந்தவர்களின் கணக்கு. அதை மொத்தப் போருக்கும் காரணமாக்குகிறவர் தன்னை அறியாமல் கோந்தேயின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்காக அடுத்த ஊர் எல்லைவரை நடந்தவருக்கு மதம் சாக்கு இல்லை. அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைத்தான் பேரத்தில் விற்றார்கள்.

டிக்கெட்டைத் திரும்பத் திறங்க.