தளம் உயர்ந்தால் போதுமா?

நம் பகுதியில் வீடு கட்டத் தொடங்குபவரிடம் உறவினர் முதலில் கேட்பது, "பேஸ்மட்டம் எத்தனை அடி?" என்பதே. மூன்றடி என்றால் மதிப்பு. நான்கடி என்றால் பெருமை. ஆற்றை நம்பி வாழும் மக்களுக்கு இவ்வச்சம் இயல்பானதே. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீரால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகின்றது. வாழ்வளிக்கும் அம்முல்லைப்பெரியாறே 2025 அக்டோபரில் பெருகி வயல்களிலும் தாழ்விடங்களிலும் புகுந்ததையும் கண்டோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய செய்தியைக் கேட்டபின், தளத்தை உயர்த்தாதே என்று எவரிடமும் கூற நமக்கு வாய் வாராது.

ஆயினும், நீரைத் தடுக்கும் அந்த உயரமே நடக்க இயலாதவரையும் தடுக்கின்றது என்பதை நான் காலங்கடந்தே அறிந்தேன். எங்கள் பழைய வீட்டை இடித்து மூன்றடி உயர்த்திக் கட்டியவன் நானே. வாசலில் ஆறு படிகள். பக்கத்தில் பிடிச்சுவர்கூட இல்லை. அழகு கெடும் என்று விட்டுவிட்டேன். குடிபுகுந்த இரண்டாம் ஆண்டில் அத்தாவைப் பக்கவாதம் தாக்கிற்று. ஐவேளையும் பள்ளிவாசலுக்கு நடந்தே சென்று வந்தவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக்கூட நால்வர் நாற்காலியோடு தூக்கினாலன்றி இறங்க இயலாதவரானார். ஒருநாள் அவ்வாறு தூக்கியபோது, "நாலு பேர் தூக்குறது ஒரு தடவைதான் இருக்கணும், நீங்க இப்பவே பழகுறீங்களேப்பா" என்று சிரித்தபடி சொன்னார். அதன்பின் அவர் வெளியே வர ஒப்பவில்லை. வெள்ளம் வந்தால் ஓரிரு நாள் நிற்கும். அந்த ஆறு படிகளோ ஆண்டு முழுவதும் நின்றன.

இதில் ஒளிந்திருப்பது எளிய கணக்குத்தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சுற்றியுள்ள நிலமட்டத்தினும் தளம் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உயர்ந்திருத்தல் வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலி செல்லும் சாய்தளமோ ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளத்திற்குக் குறையலாகாது. ஆகவே ஒன்றரை அடித் தளத்திற்குப் பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். மூன்றடிக்கு முப்பத்தாறு அடியும் இடையே இளைப்பாறும் மேடையும் வேண்டும். 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. அரசு தரும் தொகை மூன்றரை இலட்சம் ரூபாய். பதினெட்டு அடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள சாய்தளம் 72 சதுர அடி. அதாவது வீட்டின் ஐந்தில் ஒரு பங்கு! இரண்டு சென்ட் மனையில் வாழும் ஏழை இதற்கு எங்கே போவான்?

இடமில்லை என்று கைவிரிப்போர் தத்தம் வாசலைச் சற்று உற்று நோக்குவாராக. சாய்தளம் இல்லாத வீடே நம் தெருக்களில் அரிது. ஆனால் அது மோட்டார் சைக்கிள் ஏறுவதற்காக! செங்குத்தாக எழும் அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஏறினாலும் கவிழும். அது சாக்கடையையும் மூடிவிடுகின்றது. அடைபட்ட சாக்கடையால் தெருவில் நீர் தேங்க, அந்நீருக்கு அஞ்சி அடுத்த வீட்டார் தம் தளத்தை இன்னும் ஓரடி உயர்த்துகிறார். இரும்பு வண்டிக்கு வழிவிட்ட நாம் ஈன்றவருக்கு வழிவிட மறந்தோம்.

சாலையும் இப்போட்டியில் சேர்ந்துகொண்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுத் தெரு உயர, வீடு பள்ளமாயிற்று. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே சாலை இட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு ஆணையிட்டார். அவ்வாணை ஒழுங்காக நடைமுறையானால் பாதி வீடுகளுக்கு மூன்றடித் தளமே தேவைப்படாது என்பது என் கருத்து. தேனி நகரின் இராஜவாய்க்காலும் மீறுசமுத்திரக் கண்மாயும் தம் முழு அகலத்தோடு நீரை வாங்கிக்கொண்டால், அந்நீர் நம் வாசலைத் தேடி வருவானேன்?

தளத்தைத் தாழ்த்திவிடலாம் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. நீர் புகும்போது முதலில் மாட்டிக்கொள்பவர் எழுந்தோட இயலாதவரே. ஆதலின் அவருக்கு உயரமும் வேண்டும். உயரத்திலிருந்து இறங்க வழியும் வேண்டும். அண்டை வீட்டைப் பார்த்து உயரத்தை முடிவு செய்யாது, அத்தெருவில் வெள்ளநீர் ஏறிய சுவடு எதுவரை என்று முதியோரைக் கேட்டு, அதற்குச் சற்று மேலே நிறுத்தினால் போதும். சாய்தளத்தை வாசலுக்கு நேரே நீட்டாமல் பக்கச் சந்தில் சுவரை ஒட்டி மடக்கலாம். மின்பொத்தான்களை உயர்த்தி வைக்கலாம். நாலடிக்குமேல் நீர் ஏறிய ஆற்றோரமாயின், அங்கே வீடே கூடாது. 2012இல் சாண்டிப் புயலுக்குப்பின் அமெரிக்கக் கடற்கரையில் வீடுகளைத் தூண்கள்மேல் ஏற்றியபோது, முதியோர் பலர் மின்தூக்கியின்றி வீடு திரும்ப இயலாது வருந்தினர். செல்வ நாட்டுக்கே அக்கதி!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், வீட்டுவசதித் திட்டங்களில் ஐந்து விழுக்காட்டு ஒதுக்கீடு தருகின்றது. பேரிடர்க் காலப் பாதுகாப்புக்காக அவர்தம் விவரங்களை மாவட்ட அளவில் பேணவும் பணிக்கின்றது. 2024 நவம்பர் 8 அன்று இராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நிற்றல் கூடாது, கட்டாய விதிகளாதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இவை பெரிதும் பொதுக் கட்டடங்களைப் பற்றியன. தனி வீட்டின் வாசல் இன்னும் வீட்டுக்காரரின் மனச்சான்றையே நம்பி நிற்கிறது. அரசுத் தொகுப்பு வீடுகளில் சாய்தளத்துக்கெனத் தனித்தொகை சேர்த்தளித்தல் வேண்டும். கட்டிய பின் உடைத்துச் சேர்ப்பதினும் அது மலிவானது.

இதை நான் கைப்பொருள் இழந்து கற்றேன். கிழக்குச் சந்தில் சாய்தளம் அமைத்தபோது, "பத்தடியில் முடிச்சிரலாம் சார்" என்று கொத்தனார் வற்புறுத்தினார். முப்பத்தாறு அடிதான் என்று நான் நின்றேன். இரண்டு தென்னைகள் போயின. மருதாணிச் செடியையாவது விட்டுவை என்றார் அத்தா. அதைச் சுற்றி மேடையைத் திருப்பினோம்.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். 2015 சென்னைப் பெருவெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தார்க்கும் கதவைத் திறந்தன. நம் பள்ளத்தாக்கிலும் ஆறு பெருகினால் மக்கள் ஒதுங்குமிடம் பள்ளிக்கூடமும் ஜமாஅத் மண்டபமுமே. அம்மண்டபங்களுள் எத்தனை, படியேறிச் செல்வனவாகவே உள்ளன! அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒருநாள், ஒரு சக்கர நாற்காலியைத் தெருவிலிருந்து மண்டபத்துள்ளும், அங்கிருந்து கழிப்பறைக்கும், வுளூச் செய்யும் குழாயடிக்கும் தள்ளிச் சென்று பார்த்தல் வேண்டும். நாற்காலி வேண்டுமாயின் எங்கள் வீட்டில் இருக்கிறது; அத்தாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.